லைட் ஸ்திரீட்டில் திறந்த கதவு

பினாங்கில் இன்று ஒரு குழந்தை கவனிப்பாரில்லாமல் வாடுவதைக் கண்டால், நாம் அழைப்பதற்கு ஓர் எண் உண்டு. வந்து பார்க்க அதிகாரி உண்டு. விசாரிக்க நீதிமன்றமும், கேள்வி கேட்கச் சட்டமும் உண்டு. 1852ஆம் ஆண்டில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில் இந்தத் தீவில் வந்து இறங்கிய ஒரு பிரெஞ்சு ஆசிரியையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் அன்னை மத்தில்டு. ஜார்ஜ்டவுனில் லைட் ஸ்திரீட் கொன்வென்ட்டின் நீண்ட மதிலைக் கடந்து போகாத பினாங்குவாசி இருக்க முடியாது. அந்தக் கன்னியர் மடத்தைப் பெண்கள் பள்ளிக்கூடமாகத்தான் நமக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தோடு ஓர் அனாதைக் குழந்தைகள் இல்லமும் அங்கே வளர்ந்தது என்பது நம் தலைமுறையில் பலருக்குத் தெரியாது.

நான் சமூகப் பணித் துறை மாணவி. எங்கள் வகுப்பில் குழந்தைப் பாதுகாப்பு என்று தொடங்கினாலே சட்டத்தின் பிரிவுகள்தாம் முதலில் வரும். அந்தச் சட்டங்கள் வருவதற்கு முன் இந்த ஊரில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு என்ன நடந்தது என்று தேடியபோதுதான் அன்னை மத்தில்டுவின் வாழ்க்கை எனக்குக் கிடைத்தது. அதைப் படிக்கப் படிக்க, இன்று நாம் செய்கிற சில காரியங்களும் செய்யாமல் விடுகிற சில காரியங்களும் எனக்குத் தெளிவாகப் புரிந்தன.

கிராமத்துப் பெண் ஆசிரியை ஆனார்

அவருடைய இயற்பெயர் மரி ஜுஸ்தீன் ராக்லோ. பிரான்சின் கிழக்குப் பகுதியில், வோஜ் மாவட்டத்தில் உள்ள சுரியோவில் என்னும் சிறு கிராமத்தில் 1814ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் பிறந்தார். நெப்போலியனின் ஆட்சி முடிவுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. போரும் பஞ்சமும் கிராமங்களை வாட்டிய காலம். பெண் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்பதே அரிதாக இருந்த சூழலில், குழந்தை இயேசு சபைச் சகோதரிகளிடம் படிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. பின்னர் 1832இல், 18ஆவது வயதில், அதே சபையில் சேர்ந்தார். மத்தில்டு என்பது அப்போது அவர் ஏற்ற பெயர்.

அந்தச் சபையின் வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ரூவான் நகரில் நிக்கோலா பாரே என்ற பாதிரியார் ஏழைப் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளிகளைத் தொடங்கினார். தெருவில் திரிந்த பிள்ளைகளைத் தேடிப் போய்ச் சேர்த்துப் பாடம் சொல்லிக் கொடுக்கப் பெண்களைத் திரட்டினார். அந்தப் பெண்கள் 1666இல் ஒரு சமூகமாக வாழத் தொடங்கினார்கள். பிரார்த்தனையோடு பாடம் சொல்லித் தருவதும் அவர்களுக்குக் கடமை. மத்தில்டுவும் அப்படித்தான் சுமார் இருபது ஆண்டுகள் பிரான்சில் பணியாற்றினார்.

அவர் வாழ்க்கை அங்கேயே முடிந்திருக்கலாம். அந்தக் காலத்தில் 38 வயது என்றால் பாதி வாழ்க்கைக்கு மேல் கழிந்துவிட்டது என்று பொருள். ஆனால் அந்த வயதில்தான் அவருக்குக் கிழக்கே போகச் சொல்லி அழைப்பு வந்தது.

தலைவியை இழந்த குழு

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பணியாற்றிய பிரெஞ்சுப் பாதிரியார்கள் தங்கள் ஊர்களுக்கு ஆசிரியைகளை அனுப்பும்படி வெகு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூரில் இருந்த பெரேல் பாதிரியார் அவர்களில் முக்கியமானவர். அதன்படி முதல் குழு ஒன்று புறப்பட்டு 1852 ஏப்ரலில் பினாங்கை அடைந்தது. ஆனால் அந்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றிருந்த சகோதரி வழியிலேயே, நடுக்கடலில் இறந்து போனார். ஊர் புதிது, மொழி புதிது, வழி காட்ட ஆளில்லை என்ற நிலையில் மற்றவர்கள் இங்கே வந்து இறங்கினார்கள்.

அந்த வெற்றிடத்தை நிரப்ப அனுப்பப்பட்டவர்தான் மத்தில்டு. சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறக்கப்பட்டது. அவர் வந்தது அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பு. இப்படிப் புறப்பட்டுப் போகிறவர்கள் மீண்டும் தாய்நாட்டைப் பார்ப்போம் என்று எதிர்பார்க்க முடியாத காலம் அது.

அவர் வந்து இறங்கிய பினாங்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழுந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்திருந்தது. சூலியா ஸ்திரீட்டில் தமிழ் வணிகர்களின் கடைகள், துறைமுகத்தில் தமிழ்த் தொழிலாளர்கள், எதிர்க்கரையில் புரோவின்ஸ் வெல்லெஸ்லியின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வந்து சேர்ந்த நம் முன்னோர்கள். சீனர், மலாய்க்காரர், யூரேசியர், ஆர்மீனியர், ஆச்சேக்காரர் என்று பல இனத்தவர் வாழ்ந்த ஊர். ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் தனி ஆட்கள். பாட்டி, சித்தி, அத்தை, மாமா என்று தாங்கிப் பிடிக்கும் உறவு வட்டம் ஊரிலேயே தங்கிவிட்டது. கப்பலில் வந்தது உழைக்கும் கைகள் மட்டுமே.

குழந்தைகள் கைவிடப்பட்டதற்கு இதுதான் அடிப்படைக் காரணம் என்று நான் நினைக்கிறேன். காலரா, அம்மை, காய்ச்சல் என்று ஏதாவது ஒன்று வந்து தாய் இறந்தால், குழந்தையை எடுத்து வளர்க்க அடுத்த வீட்டில் உறவு இல்லை. தந்தை கூலிக்குப் போகாவிட்டால் அன்றைய சோறு இல்லை. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு ஊரில் இடமில்லை. பெண் குழந்தை என்றால் சுமை என்ற எண்ணம் வேறு. சிறுமிகளைக் காசு கொடுத்து வாங்கி வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் முய் ட்சாய் வழக்கம் சீனச் சமூகத்தில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்கு மிளகும் சர்க்கரையும் கப்பல் வரியும் முக்கியம். தெருவில் கிடக்கும் குழந்தை யாருடைய பொறுப்பு என்று கேட்க ஓர் இலாகா கிடையாது.

அத்தாப்புக் கூரையிலிருந்து ஆளுநர் மாளிகைக்கு

சகோதரிகள் பினாங்கில் தொடங்கியது அத்தாப்புக் கூரை போட்ட ஓர் எளிய வீட்டில். கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகளும் வந்தார்கள், போக்கிடம் இல்லாத பிள்ளைகளும் வந்தார்கள். ஏழே ஆண்டுகளில், 1859இல், லைட் ஸ்திரீட்டில் இருந்த பழைய அரசாங்க மாளிகையைச் சபை வாங்கியது. பினாங்கைக் கம்பெனிக்காக நிறுவிய பிரான்சிஸ் லைட்டின் காலத்துக் கட்டடம் அது. ஒரு காலத்தில் ஆட்சியாளர்கள் நடமாடிய கூடத்தில் பெற்றோர் இல்லாத பிள்ளைகள் பாய் விரித்துப் படுத்தார்கள். இந்த ஒரு மாற்றமே அந்தச் சகோதரிகளின் உழைப்பைச் சொல்லிவிடும்.

அதற்கு முன்பே மத்தில்டு அடுத்த ஊருக்குப் புறப்பட்டிருந்தார். 1854 பிப்ரவரியில் சிங்கப்பூருக்குப் போய்ச் சேர்ந்தார். பெரேல் பாதிரியார் விக்டோரியா ஸ்திரீட்டில் கால்டுவெல் மாளிகை என்ற வீட்டை அவர்களுக்காக வாங்கி வைத்திருந்தார். வந்த பத்தே நாள்களில் மத்தில்டு பாடங்களைத் தொடங்கினார். கட்டணம் செலுத்தும் மாணவிகள் 14 பேர், விடுதி மாணவிகள் 9 பேர், அனாதைகள் 16 பேர். தொடங்கிய முதல் நாள்களிலேயே அனாதைப் பிள்ளைகளின் எண்ணிக்கைதான் அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இவர்களுக்கெல்லாம் சோறு போடப் பணம் எங்கிருந்து வந்தது? அரசாங்கம் மானியம் கொடுத்து நடத்திய இல்லம் அல்ல அது. வசதியான வீட்டுப் பிள்ளைகளின் கட்டணம் ஒரு வழி. சகோதரிகளும் பெரிய பெண் பிள்ளைகளும் தைத்த துணிகளையும் பூத்தையல் வேலைகளையும் விற்றது இன்னொரு வழி. நன்கொடைகள் மூன்றாவது வழி. அதாவது ஒரு பகுதியினரின் கல்வி இன்னொரு பகுதியினரின் பசியைத் தீர்த்தது. இதை நான் ஒரு நல்ல நிர்வாகியின் கணக்காகப் பார்க்கிறேன். இரக்கம் மட்டும் இருந்தால் மூன்று மாதம் இல்லம் நடத்தலாம். கணக்கும் சேர்ந்தால்தான் நூறு ஆண்டு நடத்த முடியும்.

பெயர் கேட்காத வாசல்

சிங்கப்பூர் கொன்வென்ட்டில் பெயின் ஸ்திரீட் மூலையில் ஒரு சிறிய வாசல் உண்டு. நம்பிக்கை வாசல் என்று அதற்குப் பெயர். இன்று அந்த வளாகம் சைம்ஸ் என்ற பெயரில் உணவகங்களும் கடைகளும் உள்ள இடமாகிவிட்டது. ஆனால் அந்த வாசல் இன்னும் இருக்கிறது. வளர்க்க வழியில்லாதவர்கள் அந்த வாசலில் குழந்தையை விட்டுச் செல்வார்கள். சகோதரிகள் எடுத்து உள்ளே கொண்டு போவார்கள். விட்டுச் சென்றவர் யார், ஏன் விட்டார் என்ற விசாரணை இல்லை. புலி ஆண்டில் பிறந்த பெண் குழந்தை குடும்பத்துக்கு ஆகாது என்ற சீன நம்பிக்கையாலும் அங்கே குழந்தைகள் விடப்பட்டதாகச் சொல்வார்கள்.

வந்த குழந்தைகளில் பலர் ஏற்கனவே நோயோடு வந்தவர்கள். எல்லோரும் பிழைக்கவில்லை. இந்த வெப்ப நாட்டின் காய்ச்சலில் இளம் சகோதரிகள் பலரும் இறந்தார்கள். மத்தில்டு தம் கண்முன்னே எத்தனை சிறு சவப்பெட்டிகளைப் பார்த்திருப்பார் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது. ஆனாலும் வாசல் மூடப்படவில்லை.

இங்கே நான் ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அந்தக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. கிறிஸ்தவப் பெயர் சூட்டப்பட்டது. சீனக் குழந்தையோ இந்தியக் குழந்தையோ, தன் தாய்மொழியையும் தன் குடும்பத்தின் சமயத்தையும் அறியாமலேயே வளர்ந்திருக்கக்கூடும். யாருடைய பிள்ளை என்ற தகவலும் அந்த வாசலிலேயே தொலைந்தது. கட்டணம் செலுத்திய பிள்ளைகளும் அனாதைப் பிள்ளைகளும் சமமாக நடத்தப்பட்ட காலமும் அல்ல அது. இன்றைய அளவுகோலில் இவை சாதாரணமானவை அல்ல. தன் பெயரையும் குடும்பத்தையும் அடையாளத்தையும் காத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு குழந்தைக்கும் உண்டு என்கிறது ஐக்கிய நாடுகள் சபையின் குழந்தை உரிமை ஒப்பந்தம். மலேசியா அதை 1995இல் ஏற்றுக்கொண்டது.

அதே வேளையில், இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும். அந்த வாசல் இல்லாதிருந்தால் அந்தக் குழந்தை எங்கே போயிருக்கும்? கால்வாய்க்கு, அல்லது விற்பனைக்கு. உயிர் தப்பிய பிறகுதான் அடையாளத்தைப் பற்றிப் பேச முடியும். மத்தில்டு செய்தது முழுமையானது அல்ல. ஆனால் அன்று அந்த முதல் வேலையைச் செய்ய முன்வந்தவர்கள் மிகச் சிலர். நாம் குறை சொல்லும் தகுதியைப் பெற வேண்டுமானால், அவர் விட்ட இடத்திலிருந்து நாம் மேலே போயிருக்க வேண்டும்.

58 வயதில் மூன்றாவது நாடு

1872இல் மத்தில்டுவுக்கு 58 வயது. ஜப்பானில் இருந்த பிரெஞ்சு ஆயர் உதவி கேட்டார். அந்த நாட்டில் கிறிஸ்தவ சமயத்தைத் தடை செய்யும் அறிவிப்புப் பலகைகள் அப்போதும் தெருக்களில் நின்றன. அவை அடுத்த ஆண்டுதான் அகற்றப்பட்டன. மத்தில்டு சில சகோதரிகளுடன் கப்பலேறி 1872 ஜூன் மாதம் யோகோஹாமா துறைமுகத்தில் இறங்கினார். பினாங்கில் செய்ததையே அங்கேயும் செய்தார். ஒருபுறம் பள்ளி, மறுபுறம் போக்கிடமற்ற குழந்தைகளுக்கான இல்லம். மீண்டும் புதிய மொழி, புதிய உணவு, புதிய குளிர்.

யோகோஹாமாவில் அன்று தொடங்கிய செயின்ட் மோர் பள்ளி இன்றும் நடக்கிறது. ஆசியாவின் மிகப் பழைய அனைத்துலகப் பள்ளி என்று அதைச் சொல்கிறார்கள். 1900இல் ஜப்பானியப் பெண் பிள்ளைகளுக்கென்றே இன்னொரு பள்ளியையும் மத்தில்டு நிறுவினார். யோகோஹாமா ஃபுதாபா என்று இன்று புகழோடு விளங்குவது அதுதான். அதை நிறுவும்போது அவருக்கு வயது 86. ஓய்வு என்ற சொல்லுக்கு அவர் அகராதியில் இடம் இருந்ததாகத் தெரியவில்லை.

1911 ஜனவரி 20ஆம் நாள் யோகோஹாமாவில் அவர் காலமானார். இன்னும் மூன்று வாரம் இருந்திருந்தால் 97 வயது நிறைந்திருக்கும். பினாங்கு, சிங்கப்பூர், யோகோஹாமா என்று மூன்று துறைமுகங்களில் அவர் விட்டுச் சென்ற பள்ளிகளை வரலாறு நன்றாக நினைவில் வைத்திருக்கிறது. அந்த இல்லங்களில் வளர்ந்த பெயர் தெரியாத பிள்ளைகளை யாரும் எண்ணி வைக்கவில்லை. அவருடைய வாழ்க்கையின் பெரிய பகுதி அந்தப் பிள்ளைகள்தாம் என்று நான் கருதுகிறேன்.

வாசலிலிருந்து சட்டத்துக்கு

காலப்போக்கில், தர்மம் மெல்ல மெல்லக் கடமையாக மாறியது. சீனச் சிறுமிகள் விற்கப்படுவதைத் தடுக்கச் சீனப் பாதுகாவலர் அலுவலகமும் போ லியூங் குக் இல்லங்களும் தோன்றின. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் ஆட்சி எண்ணற்ற பிள்ளைகளை அனாதைகளாக்கியது. சயாம் மரண ரயில் பாதைக்குப் போன தந்தைகள் திரும்பாத தோட்டத்து வீடுகளை நம் தாத்தா பாட்டிகள் அறிவார்கள். போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், சமூகநல இலாகா அமைக்கப்பட்டது. பினாங்கு ராமகிருஷ்ண ஆசிரமம் போன்ற நம்மவர் அமைப்புகளும் ஆதரவற்ற பிள்ளைகளை எடுத்து வளர்த்தன.

1991இல் குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறகு அதையும் வேறு இரண்டு சட்டங்களையும் ஒன்றாக்கி 2001ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் இயற்றப்பட்டது. 2016இல் அது திருத்தப்பட்டது. இந்தச் சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்த எவரும் குழந்தைதான். அடிப்பது மட்டும் கொடுமை அல்ல. உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம், மேற்பார்வை ஆகியவற்றைக் கொடுக்காமல் புறக்கணிப்பதும் குற்றம். புறக்கணிப்பு, கொடுமை, கைவிடுதல் ஆகியவற்றுக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஆபத்தில் இருக்கும் குழந்தையைச் சமூகநல இலாகாவின் பாதுகாப்பு அதிகாரியோ போலீஸ் அதிகாரியோ தற்காலிகமாகத் தம் பொறுப்பில் எடுக்கலாம். அப்படி எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தின் முன் கொண்டு செல்ல வேண்டும்.

அதன் பிறகு என்ன? பலர் நினைப்பதுபோல் பிள்ளையைப் பிடுங்கி இல்லத்தில் போட்டுவிடுவது முதல் வழி அல்ல. பெற்றோரைத் திருத்தி, உதவி செய்து, பிள்ளையைக் குடும்பத்திலேயே வைத்திருக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். முடியாவிட்டால் தகுதியுள்ள உறவினர், வளர்ப்புக் குடும்பம், அதுவும் இல்லாவிட்டால் இல்லம். மத்தில்டுவின் வாசலுக்கும் இன்றைய முறைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். அன்று குழந்தை உள்ளே வந்ததும் குடும்பத்தோடு தொடர்பு அறுந்தது. இன்று அந்தத் தொடர்பைக் காப்பதே இலக்கு.

ஆனால் வாசலின் தேவை முழுவதும் தீர்ந்துவிடவில்லை. குப்பைத் தொட்டியிலும் கழிப்பறையிலும் பச்சிளம் குழந்தைகள் கண்டெடுக்கப்படும் செய்தியை இதே நாளிதழில் நாம் படிக்கிறோம். அதனால்தான் 2010இல் பெட்டாலிங் ஜெயாவில் ஆர்பன்கேர் என்ற அமைப்பு நாட்டின் முதல் குழந்தைத் தொட்டிலை அமைத்தது. பெயர் சொல்லாமல் குழந்தையைப் பாதுகாப்பாக விட்டுச் செல்லலாம். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு நம்பிக்கை வாசல் குளிர்சாதனத்தோடு திரும்பி வந்ததாகத்தான் எனக்குத் தோன்றியது.

ஆயாக் கொட்டகை போன பிறகு

நம் சமூகத்துக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். தோட்டத்தில் வளர்ந்தவர்களைக் கேட்டால் ஆயாக் கொட்டகை பற்றிச் சொல்வார்கள். விடியும் முன் பால்மரம் வெட்டப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை அங்கே விட்டுச் செல்வார்கள். ஓர் ஆயா எல்லோரையும் பார்த்துக்கொள்வார். வசதி குறைவுதான். ஆனால் பிள்ளை தனியாக இல்லை. லயத்தில் யார் வீட்டுப் பிள்ளை அழுதாலும் யாராவது ஒருவர் தூக்குவார்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர்கள் நகரத்து அடுக்குமாடி வீடுகளுக்கு வந்தபோது ஆயாக் கொட்டகை கூடவே வரவில்லை. தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போகும் தாய்க்குத் தாஸ்கா கட்டணம் எட்டுவதில்லை. எட்டினாலும் இரவில் தாஸ்கா திறந்திருப்பதில்லை. பத்து வயது அக்காளிடம் மூன்று வயதுத் தம்பியை ஒப்படைத்துவிட்டுக் கதவைப் பூட்டிச் செல்லும் வீடுகள் இருக்கின்றன. இந்தத் தாயை நான் குற்றவாளி என்று சொல்லத் தயங்குகிறேன். பினாங்குத் துறைமுகத்தில் அன்று உறவில்லாமல் வந்து இறங்கிய பெண்ணின் நிலைதான் இவருக்கும். ஆனால் தாயின் வறுமை உண்மை என்பதால் பிள்ளையின் ஆபத்து பொய்யாகிவிடாது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வகைப் புறக்கணிப்பும் உண்டு. குடிக்கு அடிமையான தந்தை, வாரக்கணக்கில் பள்ளிக்கு வராத பிள்ளை, புண் ஆறாமல் நடக்கும் குழந்தை, பசியோடு பக்கத்து வீட்டு வாசலில் நிற்கும் சிறுவன். எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் சொல்வதில்லை. அடுத்த வீட்டு விவகாரம், நமக்கெதற்கு வம்பு, போலீஸ் கோர்ட் என்று அலைய முடியுமா, சொந்தக்காரர் கோபித்துக்கொள்வார் என்று காரணங்கள் பல.

சட்டப்படி மருத்துவர், குடும்ப உறுப்பினர், குழந்தைப் பராமரிப்பாளர் ஆகிய மூவரும் இத்தகைய சந்தேகம் எழுந்தால் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் தண்டனை உண்டு. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் என்றால் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை அறிந்த எவரும் புகார் செய்யக் கடமைப்பட்டவர். ஆனால் பசியும் தனிமையுமாக வாடும் பிள்ளையைப் பார்க்கும் அண்டை வீட்டார் அந்த மூவர் பட்டியலில் இல்லை. சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த இடத்தில் மனச்சாட்சி ஒன்றுதான் வேலை செய்ய வேண்டும். மத்தில்டுவையும் எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை என்பதை இங்கே நினைவுபடுத்த விரும்புகிறேன்.

நாம் செய்யக்கூடியது

நாம் எல்லோரும் இல்லம் நடத்த முடியாது. கப்பலேறி வேறு நாடு போகவும் வேண்டாம். நம்மால் முடிந்த காரியம் மிகச் சிறியது. தாலியான் காசே என்ற அரசாங்கத் தொலைபேசிச் சேவையின் எண் 15999. நாள் முழுவதும் இயங்குகிறது. நடந்ததை நிரூபிக்கும் பொறுப்பு அழைப்பவருடையது அல்ல. பார்த்ததைச் சொன்னால் போதும். விசாரிப்பது அதிகாரிகளின் வேலை. தகவல் கொடுத்தவரின் அடையாளத்தைக் காப்பதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. உடனடி ஆபத்து என்றால் 999.

அழைப்பதற்கு முன்பும் செய்ய வேண்டியவை உண்டு. இரவு வேலைக்குப் போகும் அந்தத் தாயிடம் பேசலாம். நம் வீட்டுப் பாட்டி இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். சமூகநல இலாகாவின் மாத உதவித் தொகைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம். மலாய் எழுதத் தயங்கும் பெற்றோருக்கு இரண்டு மொழியும் படித்த நம்மைப் போன்ற மாணவர்கள் அரை மணி நேரம் ஒதுக்கினால் ஒரு குடும்பத்துக்கு வழி பிறக்கும். கோயில்களும் இளைஞர் மன்றங்களும் திருவிழாச் செலவில் ஒரு பங்கை மாலை நேரப் பராமரிப்புக்கு ஒதுக்கினால், புதிய காலத்தின் ஆயாக் கொட்டகையை நாமே கட்டிக்கொள்ளலாம். இந்த உதவிகளுக்குப் பிறகும் பிள்ளை ஆபத்தில் இருந்தால், அல்லது அடி, பட்டினி, பாலியல் தொல்லை என்ற சந்தேகம் எழுந்தால், தாமதிக்காமல் அந்த எண்ணை அழைக்க வேண்டும்.

அன்னை மத்தில்டு பினாங்குக்கு வந்தபோது அவருக்கு இந்த ஊரின் மொழி தெரியாது, சட்டத்தின் துணை இல்லை, கையில் பெரிய பணமும் இல்லை. நமக்கு மொழி தெரியும், சட்டம் துணைக்கு உண்டு, கையில் தொலைபேசி இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தையின் அழுகை இரவு வெகுநேரம் கேட்டால், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிப் படுக்காமல், எழுந்து போய் அந்தக் கதவைத் தட்டுவோம்.